கால்சியம் மாத்திரை எதற்கென்று சொல்லிக் கொடுங்கள்

தமிழ்நாட்டின் கிராம சுகாதார செவிலியர்களுக்கு,

வணக்கம். என் தங்கைக்கு அப்போது எட்டாம் மாதம். காலில் வீக்கம் இருந்தது. மாசமாக இருந்தால் நீர் கோப்பது சகஜம் என்று நாங்களே விட்டுவிட்டோம். ஒரு விடியற்காலையில் தலைவலி தாங்காமல் துடித்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்தால் பிரஷர் 170/110. வலிப்பு வந்துவிடக் கூடாது என்று மெக்னீசியம் ஊசி போட்டு, அன்றைக்கே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். இரண்டு பேரும் பிழைத்தார்கள். அப்புறம் துணி எடுக்க வீட்டுக்குப் போனபோது பீரோவில் கால்சியம் மாத்திரை அட்டைகள் பிரிக்காமலே கிடந்தன. கேட்டால், "எலும்புக்குத்தானே அக்கா, அதான் பால் குடிக்கிறேனே" என்றாள்.

மாத்திரையைப் போட்டிருந்தால் இது வந்தே இருக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டில் கால்சியம் போதாத பெண்களுக்கு இந்தக் கர்ப்பகால ரத்த அழுத்தம் வரும் ஆபத்தை அது குறைக்கிறது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதும் அதற்காகத்தான். இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. அவை சுரக்கும் ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை இழுக்கிறது. கூடவே ரத்தக்குழாய்ச் சுவரின் தசைச் செல்களுக்குள்ளும் கால்சியம் கூடி, குழாய் இறுகி, அழுத்தம் ஏறுகிறது என்பது மருத்துவர்கள் தரும் விளக்கம். வெளியே குறைந்தால் உள்ளே கூடுகிறது. எனக்கு இது புரியவே நாளானது. என் அம்மா போடும் அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை, அந்தத் தசைக்குள் கால்சியம் நுழைவதைத்தான் தடுக்கிறது. அவர் பயந்ததுபோல் கேழ்வரகுக் களியில் கிடைக்கும் கால்சியத்தை அது ஒன்றும் செய்யாது. அதேபோல, பிரஷர் மாத்திரைக்குப் பதிலாகக் கால்சியம் போட்டால் போதும் என்றும் யாரும் நினைத்துவிடக் கூடாது.

மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டின் மாயா பழங்குடிப் பெண்கள் ஏழைகள். ஆனாலும் இந்தக் கர்ப்பகால ரத்த அழுத்த நோய் அவர்களிடம் குறைவாக இருந்தது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்துச் சமைப்பதால் கிடைக்கும் கால்சியம் காரணமாக இருக்கலாம் என்று பெலிசான், வில்லார் என்ற இரு மருத்துவர்கள் 1980இல் எழுதினார்கள். 2024இல் வெளிவந்த ஆய்வொன்றில், பெங்களூருவில் 11,000 கர்ப்பிணிகளிடம் சோதித்தபோது, இந்த நோயைத் தடுப்பதில் தினம் 500 மில்லிகிராம் கால்சியம் 1500 மில்லிகிராமுக்கு இளைத்ததாக இல்லை.

நீங்கள் எத்தனை பதிவேடு எழுதுகிறீர்கள், எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன். அட்டையைக் கையில் கொடுக்கும்போது, "இது பிரஷர் ஏறாமல் இருக்கவும்தான்" என்று சொல்லுங்கள். சாப்பாட்டோடு போடச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது; இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். முடிந்தால் மாமியாரையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுங்கள். மாத்திரை போடுவதா வேண்டாமா என்று எங்கள் வீடுகளில் பல நேரம் முடிவு செய்வது அவர்தான்.

அன்புடன்,
ஒரு அக்கா