நோ ஓரிடம், காரணம் வேறிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் மருத்துவப் பகுதியில் வந்த கால் நோ பற்றிய கட்டுரையில் சுளுக்கு, சீனி வருத்தம், குதிக்கால் எலும்பு வளர்ச்சி எல்லாம் இருந்தன. நரம்பில் வரும் கட்டி மட்டும் இல்லை. என்னை ஐந்து வருடம் அலைக்கழித்தது அதுதான்.

சைக்கிள் மிதிக்கும்போது கணுக்காலின் உட்பக்கம் கிராங்கில் லேசாகத் தட்டுப்பட்டாலே போதும், உள்ளங்கால் முழுக்கக் கரண்ட் அடித்தமாதிரி ஓடும். சரிந்து படுத்து ஒரு காலின்மேல் மறுகாலைப் போட முடியாது. சீனி பார்த்தார்கள், இல்லை. குதிக்காலில் ஊசி போட்டார்கள். "வயசு போனா இப்பிடித்தான் ரீச்சர்" என்றார் ஒருவர். அப்போது எனக்கு 46. எண்ணெய் போட்டு உருவிவிட்ட அன்று விடிய விடிய நித்திரையில்லை. இத்தனை பேரில் ஒருவரும் கணுக்காலைத் தொட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் என் மனக்குறை.

கடைசியாக ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் உட்பக்கக் கணுக்கால் எலும்புக்குப் பின்னால் விரலால் தட்டினார். நான் கத்தியே விட்டேன். உள்ளங்காலுக்குப் போகும் நரம்பு அந்த இடத்தில் ஓர் ஒடுங்கிய பாதையால் போகிறதாம். எம்.ஆர்.ஐ. ஸ்கானில் கொட்டைப்பாக்கு அளவில் கட்டி தெரிந்தது.

கட்டி என்றதும் வீட்டில் தெல்லிப்பளைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியா, மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியா என்று அழுகை தொடங்கிவிட்டது. இது ஷ்வானோமா, நரம்பின் உறையில் மெதுவாக வளர்வது, புற்றுநோய் அல்ல, அப்படி மாறுவதும் மிக அரிது என்று அவர் விளக்கினார். பெரும்பாலும் நரம்பிழைகளை அறுக்காமல், பலாச்சுளைக்குள்ளிருந்து கொட்டையை எடுப்பதுபோல் எடுத்துவிடலாம். நியூரோஃபைப்ரோமா என்ற இன்னொரு வகை இழைகளோடு பின்னிக்கிடப்பதால் எடுப்பது கடினமாம். எனக்கு எடுத்தாயிற்று, பரிசோதனை முடிவும் ஷ்வானோமா என்றே சொன்னது. சின்னவிரலில் கொஞ்சம் விறைப்பு மிச்சம், அது போகட்டும்.

விரல்களின் அடியில் வரும் 'மோர்ட்டன் நியூரோமா' என்ற பெயரை வைத்தியர் எழுதிய துண்டில் கண்டு பயப்படுகிறவர்களும் உண்டு. பெயர்தான் நரம்புக்கட்டி என்கிறது, அது கட்டியே அல்ல, நரம்பைச் சுற்றிய தடிப்பு. முதலில் அகலமான சப்பாத்துக்கு மாறித்தான் பார்ப்பார்கள்.

கட்டுரை அடுத்த ஞாயிறும் தொடரும் என்று போட்டிருந்தீர்கள். கணுக்காலுக்குப் பின்னால் விரலால் தட்டிப் பார்ப்பதைப் பற்றி அதில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.