வீணையோட நாலாவது கம்பி

டேய் மாப்ள,

உன் லெட்டர் வந்துச்சு. முட்டி ஆபரேஷன் முடிஞ்சு இப்ப வாக்கர் இல்லாமலே முற்றத்த சுத்தி நடக்கறேன்னு எழுதியிருந்த, படிச்சதும் பெரிய நிம்மதிடா. பிசியோதெரபிய மட்டும் பாதில விட்டுடாத, அதுல நம்ம ஆளுங்க எல்லாரும் கொஞ்சம் நல்லானதும் நிறுத்திடறாங்க. இங்க எல்லாரும் சௌக்கியம். பெரியவளுக்கு ஹைதராபாத் மாத்தலாயிடுச்சு, சின்னவன் ஃபைனல் இயர், நான் ரிடையர் ஆகி வீட்லயே இருக்கறதால உனக்கு சாவகாசமா பதில் எழுத முடியுது. "ஸ்பீக்கர் எப்படி இருக்கு, குடுத்த காசுக்கு தகுமா, நானும் வாங்கலாமா"ன்னு ஒத்த வரில கேட்டுட்ட, பதில் ஒத்த வரில வராது, காபி போட்டுட்டு வந்து உக்காந்து படி.

வாங்கினது ஹார்பெத் சூப்பர் எச்எல்5 ப்ளஸ். நாம மேன்ஷன்ல இருந்த காலத்துலயே பிபிசி ஸ்பீக்கர் பிபிசி ஸ்பீக்கர்னு நீ சொல்லிட்டே இருப்பியே, அந்த வம்சம்தான். பிபிசி ரிசர்ச்ல ஸ்பீக்கர் வேலை பாத்த டட்லி ஹார்வுட் 1977ல ஆரம்பிச்ச கம்பெனி, தன் பேர்ல பாதியும் மனைவி எலிசபெத் பேர்ல பாதியும் சேத்து வச்ச பேரு. ரெண்டடி உயரப் பெட்டி, கீழ் சுரத்துக்கு எட்டு இன்ச் வூஃபர், அதுக்கு மேல மேல் சுரத்துக்கு ஒரு ட்வீட்டர், அதுக்கும் மேல ஒரு சூப்பர் ட்வீட்டர். மத்த கம்பெனிக்காரங்க பெட்டி ஆடக்கூடாதுன்னு தடி தடியா பலகை போட்டு செய்வாங்க, இவங்க மெல்லிசு பலகைல செஞ்சு உள்பக்கம் அதிர்வ அமுக்கற ஷீட் ஒட்டி, முன் பலகையயும் பின் பலகையயும் ஸ்க்ரூ போட்டு நிறுத்தறாங்க. பெட்டி அதிரத்தான் செய்யும், ஆனா அந்த அதிர்வு பாடறவங்க குரல் இருக்கற இடத்துல வராம கீழ தள்ளிடணும், அங்க சீக்கிரம் அடங்கிடணும், இதுதான் பிபிசிக்காரங்க கண்டுபிடிச்ச வழி. கேட்டா குரல்ல பொட்டி வாடையே இல்லடா. அதுக்குதான் வாங்கினேன்.

ஆனா கொண்டு வந்து வச்ச முதல் வாரம் எனக்கு சந்தோஷமே இல்ல, சொல்லிடறேன். குரல் அழகா இருக்கு, வயலின் அழகா இருக்கு, மிருதங்கம் வந்தா இடது கை தொப்பி பக்கம் மட்டும் ஹால் முழுக்க உருளுது. ஸ்பீக்கர் பழகணும், நூறு மணி நேரம் ஓடணும்னு விக்கறவங்க எல்லாரும் சொல்றாங்க. வூஃபரோட சஸ்பென்ஷன் புதுசுல கொஞ்சம் விறைப்பா இருக்கும், ஓட ஓட தளரும், அது உண்மைதான், ஆனா அந்த வித்தியாசம் ரொம்ப சின்னது, அத விட நம்ம காதுதான் அதிகமா பழகுதுன்னு என் அபிப்ராயம். காது பழகி சமாதானம் ஆகறதுக்கு முன்னாடியே ரூம சரி பண்ணணும்னு முடிவு பண்ணேன்.

விஷயத்த முதல்ல புடிச்சது உன் தங்கச்சி. அவ வீணைய திரும்ப எடுத்து வாசிக்க ஆரம்பிச்சிருக்கா தெரியுமா. ஒரு நாள் வீணை கச்சேரி ரெக்கார்டிங் போட்டிருந்தேன், கிச்சன்லேந்து வந்து சோபால உக்காந்து கேட்டுட்டு, "அனுமந்திரம் மட்டும் ஏன் இப்படி பெருசா கேக்குது, மந்திரத்துல வாசிக்கறப்ப இல்ல, சாரணில இல்ல, நாலாவது கம்பிய தொட்டா மட்டும் வேற யாரோ வாசிக்கற மாதிரி இருக்கு"ன்னா. அதுக்கப்பறம் நான் பேப்பர் பேனா எடுத்துட்டு உக்காந்தேன். எங்க ஹால் நீளம் பதினெட்டு அடி. ரெண்டு சுவத்துக்கு நடுவுல ஒலி போய் வந்து தேங்கி நிக்கற முதல் ஃப்ரீக்வன்சி சுமாரா 32 ஹெர்ட்ஸ், அதோட டபுள் 63 ஹெர்ட்ஸ். மூணு கட்டை சுருதில சேத்த வீணைல அனுமந்திர பஞ்சமம், அதாவது அந்த நாலாவது கம்பியோட சுரம், எவ்ளோன்னு பாரு, கிட்டத்தட்ட 62. நேரா அது மேலயே போய் உக்காந்துடுச்சு! இதுல இன்னொண்ணு, எங்க சோபா பின்சுவத்துல ஒட்டி இருந்துச்சு, நம்ம ஊர்ல எல்லா வீட்லயும் அப்படித்தானே போடுவோம், சுவத்துக்கிட்டதான் இந்த தேங்கின ஒலி எல்லாத்துக்கும் அழுத்தம் உச்சம். ஸ்பீக்கர் மேல ஒரு குத்தமும் இல்ல. ஒரு கருவியும் இல்லாம ஒரு கம்பிய வச்சே அவ கரெக்டா சொல்லிட்டா பாரு, அந்த காதுக்கு முன்னாடி எந்த மீட்டரும் நிக்காது.

சோபாவ மூணடிக்கு மேல முன்னாடி இழுத்து போட்டோம். ஹால் சின்னதாயிடுச்சுன்னு பசங்க முணுமுணுத்தாங்க, ஆனா அனுமந்திரம் அடங்கிடுச்சு, மத்த கம்பிங்களோட சேந்துடுச்சு. காசு ஒரு பைசா செலவில்ல மாப்ள. இத படிக்கறப்ப இந்த ஒரு விஷயத்த மட்டுமாவது நினைவுல வச்சுக்கோ, ஒயருக்கும் பவர் கார்டுக்கும் லட்சக்கணக்குல செலவு பண்றவங்கள நான் பாக்கறேன், அவங்க சோபா இன்னும் சுவத்துல ஒட்டித்தான் இருக்கு. நான் போட்டிருக்கறது நல்ல தடிமனான சாதா காப்பர் ஒயர், அதுக்கு மேல எதுவும் வேண்டியதில்ல.

அப்பறம் ஸ்பீக்கர எங்க வைக்கறதுன்னு பெரிய வேலை. தரைல மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப் புடிச்சு அளந்து, கொஞ்சம் கொஞ்சமா நகத்தி நகத்தி கேட்டேன். பின்னாடி சுவத்துலேந்து ரெண்டடில வச்சா, சுவத்துல பட்டு திரும்பி வர்ற ஒலி 140 ஹெர்ட்ஸ் பக்கத்துல நேர்ல வர்றத அடிச்சுடும், ஆம்பளைங்க குரலுக்கு சதை இருக்கற இடம் அது, பாடறவரு பாதி சாப்பாடு சாப்ட்டவரு மாதிரி கேக்கும். மூணரை அடிக்கு கொண்டு வந்தா அந்த பள்ளம் 80 பக்கத்துக்கு இறங்கிடும், குரலுக்கு உடம்பு வந்துடும். ஸ்டாண்ட் ஒன்றரை அடி உயரத்துல, நாலு கால் வச்ச திறந்த ஸ்டாண்ட், உக்காந்தா ட்வீட்டர் காது மட்டத்துக்கு வருது. கிரில் துணிய கழட்டறதில்ல, கிரிலோட கேக்கற மாதிரிதான் கம்பெனிலயே ட்யூன் பண்ணியிருக்காங்க.

ரெண்டு ஸ்பீக்கரும் சரியா உக்காந்திருக்கான்னு பாக்க நான் என்ன போட்டேன் தெரியுமா? ஆல் இண்டியா ரேடியோ பழைய கச்சேரி. மோனோ ரெக்கார்டிங். ஸ்டீரியோல எங்க எது வரணும்னு ரெக்கார்டிங் பண்ணவருக்குத்தான் தெரியும், மோனோல சந்தேகமே இல்ல, பாட்டு வயலின் மிருதங்கம் எல்லாம் நட்ட நடுவுல ஒரே இடத்துல நிக்கணும். எங்க ஹால்ல இடது பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல், வலது பக்கம் டைனிங் பக்கம் திறந்து கிடக்கு, அதனால குரல் மேல போறப்ப இடது பக்கம் நகந்துட்டே இருந்துச்சு. ஜன்னலுக்கு கனமான ஸ்க்ரீன் போட்டு, இடது ஸ்பீக்கர ஒரு விரக்கடை உள்பக்கம் திருப்பினதும் நடுவுல வந்து நின்னுது பாரு, நான் எழுந்து போய் நடுவுல வேற ஸ்பீக்கர் இருக்கான்னு பாக்காத குறைதான். அந்த பழைய ரெக்கார்டிங்ல ஹிஸ் இருக்கு, மேல் ஸ்தாயி கொஞ்சம் குறுகிதான் இருக்கு, ஆனா ஒரு நல்ல மைக் முன்னாடி நல்லவங்க உக்காந்து பாடினது அப்படியே இருக்குடா.

நம்ம வீடுங்கள்ள பெரிய தொல்லை என்னன்னா எல்லாமே கெட்டி. கான்க்ரீட் சுவர், கான்க்ரீட் சீலிங், தரைல வழவழன்னு டைல்ஸ். வெளிநாட்டுக்காரங்க எழுதற டிப்ஸ் எல்லாம் மரமும் ஜிப்சமும் வச்சு கட்டின வீட்டுக்கு, அங்க சுவரே கொஞ்சம் பேஸ முழுங்கிடும், இங்க ஒரு சொட்டு வெளிய போகாது. ஹால் நடுவுல நின்னு கை தட்டினா சுவர் ரெண்டும் மாத்தி மாத்தி "ட்ரர்"னு திருப்பி குடுக்கும். பவானி ஜமக்காளம் ஒண்ணு விரிச்சேன், அது மெல்லிசு, மேல் சுரத்த மட்டும் முழுங்கி சத்தத்த மொட்டையாக்கிடுச்சு, அடில கனமான கம்பளி கார்ப்பெட் போட்டு அதுக்கு மேல ஜமக்காளத்த போட்டதும் சரியாச்சு. அப்பறம் ரெண்டு மூலைலயும் இலவம்பஞ்சு மெத்தைய சுருட்டி நிமித்தி நிக்க வச்சு, மேல காடா துணில உறை. பாக்க தூண் மாதிரி இருக்கு, வந்தவங்க கேக்கறாங்க. ரொம்ப கீழ இருக்கற பேஸ அது ஒண்ணும் பண்ணாது, ஆனா ஆம்பளைங்க குரல் மட்டத்துல இருக்கற கனத்த நல்லா அடக்குது. பக்கத்து சுவத்துல புக் ஷெல்ஃப், புக்க ஒரே மட்டமா அடுக்காம முன்ன பின்ன வச்சிருக்கேன், ஒலி சிதறும்.

இவ்ளோவும் பண்ணதுக்கு அப்பறம்தான் அளவெடுத்தேன். யுஎஸ்பி மைக் ஒண்ணும், ரூம் இக்யூ விசார்ட்னு ஒரு இலவச சாஃப்ட்வேரும் போதும், சின்னவன் செட் பண்ணி குடுத்தான். 63 கிட்ட இன்னும் ஒரு சின்ன மேடு இருந்துச்சு, அத மட்டும் டிஜிட்டல் இக்வலைசர்ல நாலு டெசிபல் குறைச்சேன். பள்ளம் இருக்கற இடத்துல ஏத்தக் கூடாது, அங்க ரெண்டு ஒலி ஒண்ண ஒண்ணு அடிச்சுக்குது, எவ்ளோ ஏத்தினாலும் அதுவும் அடிபட்டுத்தான் போகும், ஆம்ப்ளிஃபயருக்குதான் வீண் பாரம். இன்னொண்ணு, ராத்திரி மெதுவா வச்சு கேட்டுட்டு பேஸ் பத்தலன்னு ஸ்பீக்கர நகத்தாத. வால்யூம் குறைய குறைய நம்ம காதுக்கே பேஸ் கம்மியாதான் கேக்கும், ஃப்ளெட்சர் மன்சன்னு ரெண்டு பேரு 1933லயே அளந்து எழுதிட்டாங்க. பகல்ல, ஃபேன ஆஃப் பண்ணிட்டு, நேர்ல வாசிச்சா எவ்ளோ சத்தம் வருமோ அவ்ளோ வச்சு கேட்டு முடிவு பண்ணணும். மே மாசம் ஃபேன் இல்லாம உக்கார்றது கஷ்டம்தான், ஆனா தம்பூரா நாதத்தோட வாலு ஃபேன் சத்தத்துலதான் மொதல்ல காணாம போகும்.

இப்ப எப்படி இருக்குன்னு கேளு. மிருதங்கத்துக்கு சுருதி இருக்குன்னு நமக்கு எப்பவும் தெரியும், ஆனா நாம கேட்ட செட்டுல எல்லாம் அது தாளமாத்தான வந்துச்சு? ரிச்சி ஸ்ட்ரீட்ல 3055 ட்ரான்சிஸ்டர் வாங்கிட்டு வந்து நீ சால்டர் பண்ண ஆம்ப்ல, ஆசாரி செஞ்ச பொட்டில, வலந்தலை "டக்கு"ன்னு வரும், தொப்பி "தொம்"னு வரும், அதுக்கே நாம விடிய விடிய உக்காந்திருந்தோம். இப்ப வலந்தலைல மீட்டு விழுந்தா அது தம்பூராவோட ஷட்ஜத்துல போய் கரையறது கேக்குது. சாதா தோல்ல உபஸ்வரம், அதாவது மூல சுரத்தோட கூட வர்ற மேல் சுரம், எல்லாம் கோணலா இருக்கும், மிருதங்கத்துல நடுவுல அப்பின கருப்பு பசை, நாம சாதம்னு சொல்றது, அத ஒழுங்கு பண்ணி கம்பி வாத்தியம் மாதிரி ஆக்கிடுதுன்னு சி.வி.ராமன் 1920லயே நேச்சர் பத்திரிகைல எழுதியிருக்காரு, நோபல் வாங்கறதுக்கு பத்து வருஷம் முன்னாடி. அத படிச்சப்ப புத்திக்கு புரிஞ்சுது, இப்பதான் காதுக்கு புரியுது. தம்பூரால பாலத்துக்கு மேல சின்னதா ஒரு ஜீவா நூல் வைப்பாங்களே, அது சரியான இடத்துல இருக்கா கொஞ்சம் தள்ளி இருக்கான்னு சில ரெக்கார்டிங்ல தெரியுது, உன் தங்கச்சி கண்ண மூடிட்டு "இது சரியில்ல"ன்னு சொல்றா. நான் முன்ன மாதிரி பாட்டு பாட்டா தாவறதில்ல, கச்சேரிய வர்ணத்துலேந்து மங்களம் வரைக்கும் கேக்கறேன், தனி ஆவர்த்தனத்துல எழுந்து போறதில்ல. காசுக்கு தகுமான்னு கேட்டியே, தகும். ரூமுக்கு இவ்ளோ உழைக்க முடியாதுன்னா தகாது, பாதி விலை ஸ்பீக்கரே போதும்.

உன் விஷயத்துக்கு வரேன். உன் வீடு எங்க வீட்டுக்கு நேர் எதிர். ஓட்டு வீடு, மேல மர உத்தரம், சட்டம், கூடம் அப்படியே முற்றத்துக்கு திறந்து கிடக்கு. ஒலி அடைஞ்சு நிக்க இடமே இல்ல, அதனால உனக்கு உருளற பிரச்சனை வராது, அதுக்கு பதிலா கீழ் சுரம் முற்றம் வழியா போயிடும், ஒல்லியா கேக்கும். எங்கள மாதிரி சுவத்த விட்டு தள்ளி வைக்காத, கிட்ட வை, சுவர் உனக்கு உதவி பண்ணும். பெரிய பெட்டி வேண்டாம்னுதான் எனக்கு தோணுது. பிபிசி வெளி ஒலிபரப்பு வேன்ல வைக்க 1970கள்ல எல்எஸ்3/5ஏன்னு ஒரு குட்டி ஸ்பீக்கர் செஞ்சாங்களே, நீ பத்திரிகைல படம் கிழிச்சு சுவத்துல ஒட்டி வச்சிருந்தியே, அதே வழில ஹார்பெத்ல பி3ன்னு ஒண்ணு இருக்கு, ஓட்டை இல்லாத மூடின பெட்டி, சுவத்துக்கிட்ட வச்சாலும் முரண்டு பண்ணாது. நீ எட்டடி தள்ளி உக்காந்து கேட்டா உனக்கு அது தாராளம். முற்றத்துல மழை சாரல் அடிக்குமே, அந்த பக்கம் மட்டும் வைக்காத.

கூடத்தோட நீளம் அகலம், உத்தரம் வரைக்கும் உயரம், ஊஞ்சல் எங்க தொங்குது, கதவு ஜன்னல் எந்தெந்த பக்கம், இதெல்லாம் அளந்து ஒரு படம் போட்டு அனுப்பு. நீ குனிஞ்சு அளக்காத, பேரன கூப்பிட்டு டேப்ப புடிக்க சொல்லு. தை பொறந்ததும் நாங்க ரெண்டு பேரும் வர்றோம், அவ வீணைய கார்லயே வச்சு எடுத்துட்டு வரேங்கறா, அவள கூடத்துல உக்கார வச்சு வாசிக்க சொல்லிட்டு அப்பறம் ஸ்பீக்கர எங்க வைக்கறதுன்னு பாப்போம். வர்றப்ப கும்பகோணத்துல டிகிரி காபி பொடி வாங்கிட்டு வரணுமா, இல்ல உங்க பக்கமே நல்லா கிடைக்குதா, அதயும் எழுது.

அன்போட,
உன் பழைய ரூம்மேட்