ரைன் படகா, காபன் பைபரா: டூயிஸ்புர்க்கில் இருக்கும் மகனுக்கு

குருமண்வெளி,
மட்டக்களப்பு.

அன்புள்ள மகனுக்கு,

நாங்கள் சுகம். நீயும் சித்தி வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். படகு வேலைக்குப் போகவா, பைபர் ஆலைக்குப் போகவா என்று அன்றைக்குப் போனில் நீ கேட்டதற்கு "ஓம், யோசிச்சுச் சொல்றன்" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அம்மா பக்கத்தில் நின்று, "ஆத்தில படகு ஓட்டவா இவன் ஜேர்மனிக்குப் போனவன்? அதுக்கு இஞ்சயே கிடந்திருக்கலாமே" என்று கத்தினது உனக்கும் கேட்டிருக்கும். இந்த விஷயத்தைப் போனில் கதைத்தால் அம்மாதான் வெல்லுவா. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ அனுப்பின இரண்டு பத்திரங்களையும் தங்கச்சி வாசித்து விளங்கப்படுத்தினாள். ஒன்று ரைன் ஆற்றில் சரக்குப் படகில் மூன்று வருடப் பயிற்சி. மற்றது பிளாஸ்டிக்கிலும் காபன் பைபர் என்கிற கரி இழையிலும் உருப்படிகள் செய்கிற ஆலையில், அதுவும் மூன்று வருடம். இரண்டிலும் பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் தருகிறார்கள். கண்ணாடி இழையில் பைபர் போட் செய்தும் பொத்தல் அடைத்தும் உங்களை வளர்த்தவன் நான், அப்படியிருக்க ஆலைக்குப் போ என்றுதான் சொல்லுவேன் என்று நீ எதிர்பார்த்திருப்பாய். இல்லை மகன். படகுக்குப் போ. ஆனால் பைபரைக் கைவிட்டுவிட்டுப் போகாதே. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தப் படகு. 110 மீட்டர் நீளம், 11.4 மீட்டர் அகலம் என்று பத்திரத்தில் இருக்கிறது. ரைனில் ஓடுகிற பெரிய படகுகளுக்கு இது வழக்கமான அளவுதான். தண்ணீர் நல்லாக நின்றால் ஏறத்தாழ 3000 தொன் ஏற்றலாம். அதே சாமானை ரோட்டில் கொண்டுபோக நூறு லொறிக்கு மேல் வேண்டும். இதைப் பார்த்தவுடன் நான் பென்சிலை எடுத்தேன். அடிப்பக்கம் பெட்டி மாதிரித் தட்டை என்று வைத்துக்கொண்டு நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் 1254 சதுர மீட்டர். அப்படியென்றால் படகு ஒரு சென்டிமீட்டர் தாழ்வதற்குப் பன்னிரண்டரை தொன் வேண்டும். இதையே மறுபக்கமாகப் பார். ஆற்றில் தண்ணீர் 40 சென்டிமீட்டர் குறைந்தால் 500 தொன் சாமானைக் கரையில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். டீசலும் ஆட்களின் சம்பளமும் குறையாது, கூலி வருகிற சாமான் மட்டும் குறையும். அந்தத் தொழிலின் லாப நட்டம் எல்லாம் இந்தக் கணக்குக்குள்தான் கிடக்கிறது.

கௌப் என்று ஓர் ஊரின் பெயர் உன் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ரைனின் நடுப்பகுதியில் ஆழம் குறைந்த இடம் அது. அங்கே இருக்கிற அளவுகோலில் என்ன எண் நிற்கிறது என்று பார்த்துத்தான் எவ்வளவு ஏற்றுவது என்று முடிவெடுக்கிறார்கள். 2018 ஒக்டோபரில் அது 25 சென்டிமீட்டருக்கு இறங்கியது. அதை ஆற்றின் முழு ஆழம் என்று எடுத்துவிடாதே, படகு போகிற வாய்க்காலின் ஆழம் அளவுகோலில் காட்டுவதைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூட இருக்கும். இருந்தும் படகுகள் முக்கால்வாசி வெறுமையாகப் போயின. லுட்விக்ஸ்ஹாபனில் இருக்கிற பிஏஎஸ்எப் இரசாயன ஆலைக்கு அந்த வருடம் மட்டும் ஏறத்தாழ 250 மில்லியன் யூரோ நட்டம். 2022 ஆகஸ்டிலும் தண்ணீர் திரும்ப வற்றியது.

அதற்கு அந்த இரசாயன ஆலைக்காரர் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த கதை. தண்ணீர் குறைந்த ஆற்றுக்கென்றே ஒரு தாங்கிப் படகைக் கட்டுவித்து 2023இல் ஓடவிட்டார்கள். ஸ்டோல்ட் லுட்விக்ஸ்ஹாபன் என்று பெயர். 135 மீட்டர் நீளம், 17.5 மீட்டர் அகலம். அகலத்தைக் கூட்டி, உடம்பின் பாரத்தைக் குறைத்து, தண்ணீருக்குள் குறைவாக இறங்கும்படி செய்திருக்கிறார்கள். நம்மட வாவியில் கச்சான் காலத்தில் தோணியின் அடி சேற்றில் முட்டும்போது எங்கட ஆட்களும் இதைத்தான் தேடினார்கள், தட்டையான அடி, பாரம் குறைந்த உடம்பு. அந்த வித்தையை நீ எங்கட பட்டறையிலேயே பார்த்துத்தான் வளர்ந்தாய்.

சரி, வேலை நிலைக்குமா? சாமான் குறைந்துகொண்டுதான் போகிறது, இதில் யார் சொல்லும் இனிப்புக் கதையையும் நம்பாதே. ஒல்லாந்துத் துறைமுகமான றொட்டர்டாமில் ஏற்றி மேலே கொண்டுவந்த நிலக்கரி இந்தத் தொழிலுக்குப் பெரிய வருமானமாக இருந்தது. 2038க்குள் நிலக்கரி மின்நிலையங்களை எல்லாம் மூட ஜேர்மனியில் சட்டம் இருக்கிறது, பல நிலையங்களை இப்போதே மூடியும்விட்டார்கள். நீ இருக்கிற ஊரிலேயே, இரும்புத் தாதைப் படகு படகாக இறக்குகிற தீசன்குறுப் உருக்காலை 2024 நவம்பரில் 11,000 வேலைகளைக் கழிக்கப்போவதாக அறிவித்தது. பாதிக்கு மேல் வெளியாருக்கு மாற்றப்படுபவை, மிச்சம் முற்றாகவே இல்லாமல் போகிறவை. உருக்குக் குறைந்தால் தாதும் குறையும்.

ஆனால் ஆட்கள் அதைவிட வேகமாகக் குறைகிறார்கள். படகோட்டிகளில் வயது போனவர்கள்தான் கூட. ஒல்லாந்தில் குடும்பமாகவே படகில் குடியிருந்து தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளைகளில் பலர் கரையில் வேலை தேடிக்கொள்கிறார்கள். அவர்கள் விட்டுப்போகிற இடத்துக்கு லைசன்ஸ் உள்ள ஆள் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் ஒரு சட்டம் போட்டு, 2022 தொடக்கம் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. அதன்படி நீ ஜேர்மனியில் எடுக்கிற சான்றிதழ் ரைனிலும் தன்யூபிலும் ஒல்லாந்து வாய்க்கால்களிலும் செல்லும். நிலக்கரிக்குப் பதிலாக கொண்டெய்னர், இரசாயனம், பழைய இரும்பு, காற்றாலையின் நீள நீளமான இறக்கைகள் என்று வேறு சாமான் வருகிறது. றோட்டில் திருப்ப முடியாத இறக்கையை ஆற்றில்தானே கொண்டுபோக வேண்டும்.

இறக்கை என்றதும் பைபர் ஆலைக்கு வருகிறேன். அந்தப் பொருளின் மதிப்பை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏர்பஸ் ஏ350 விமானத்தின் பாரத்தில் பாதிக்கு மேல், 53 வீதம், காபன் பைபர் போன்ற கலப்புப் பொருள்கள்தான். ஜேர்மனியில் ஸ்டாடே என்ற ஊரில் விமான வாலை அதில்தான் செய்கிறார்கள். நான் மேட் என்கிற இழைப் பாயை விரித்து, றெசின் பசையைப் பூசி, றோலரை உருட்டி உருட்டிக் காற்றுக் குமிழை விரட்டுகிற வேலையை இப்படியான ஆலைகளில் வேறு மாதிரியும் செய்கிறார்கள். மேட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறையைப் போட்டு ஓரமெல்லாம் ஒட்டி, உள்ளே இருக்கிற காற்றைப் பம்பால் உறிஞ்சிவிடுகிறார்கள். பிறகு குழாயைத் திறந்தால் றெசின் தானாகவே உள்ளே ஓடி மேட்டின் இழை எல்லாம் நனைகிறது. வீடியோவில் பார்த்துவிட்டு ஒரு கிழமையாக எனக்கு அதே யோசனை. எங்கட பட்டறையில் ஒரு குமிழை விட்டால் அடுத்த மாரியில் அந்த இடம் கொப்பளித்து வரும். அங்கே குமிழும் குறைவு, மூக்கைக் குத்துகிற நெடியும் குறைவு.

இருந்தும் ஏன் வேண்டாம் என்கிறேன்? ரொஸ்டொக்கில் காற்றாலை இறக்கை செய்துகொண்டிருந்த நோர்டெக்ஸ் ஆலை 2022இல் மூடப்பட்டது. ஏறக்குறைய 600 பேருக்கு வேலை போனது. காற்றாலைக்கு உலகமே காசைக் கொட்டுகிற காலத்தில் நடந்தது இது. பொருளுக்குத் தேவை கூடியது, ஆனால் அதைக் கையால் விரிக்கிற வேலை கூலி குறைந்த நாட்டுக்குப் போகிறது. இறக்கை வார்க்கிற அச்சைக் கழற்றிக் கப்பலில் ஏற்றலாம், ரைனை ஏற்ற முடியாது.

காபன் பைபரால் 110 மீட்டர் படகு கட்டுவார்களா என்று கேட்டாயே. மாட்டார்கள். ஆற்றுப் படகு கல்லில் உரசும், பாலத்துத் தூணில் தட்டும். உருக்கென்றால் கிழிந்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் பண்ணிவிடலாம், ஐம்பது வருடம் ஓடின படகையும் கடைசியில் உருக்கி விற்கலாம். உருக்கு பைபரைவிட நல்ல மலிவும். பைபர் வருகிற இடங்கள் வேறு. ஐதரசனில் ஓடுகிற படகுகள் வந்துவிட்டன, 2023இல் ஒன்று றொட்டர்டாமுக்கும் பெல்ஜியத்துக்கும் இடையில் கொண்டெய்னர் ஏற்றத் தொடங்கியது. அந்த வாயுவைக் கடும் அழுத்தத்தில் அடைக்கக் காபன் பைபர் சுற்றின உருளைகள் பாவிக்கிறார்கள். படகைக் கட்டுகிற கயிறே மாறிவிட்டது. டைனீமா என்று ஒல்லாந்துக்காரர் கண்டுபிடித்த இழை, பாரத்துக்குப் பாரம் உருக்குக் கம்பியைவிடப் பல மடங்கு பலம், தண்ணீரில் மிதக்கும். நைலோன் கயிறு இழுபட்டு அறுந்தால் திரும்பி வந்து ஆளை அடிக்கும், கவனம். எந்தக் கயிறானாலும் அது இழுபடுகிற நேர்கோட்டில் நிற்காதே.

இன்னொன்று நீரடைப்புக் கதவு, ஆற்றின் தண்ணீர் மட்டம் மாறுகிற இடத்தில் படகை ஏற்றி இறக்கத் தண்ணீரை மறிக்கிற கதவு. 2024 டிசம்பரில் மோசல் ஆற்றில் மியூடன் என்ற இடத்தில் ஒரு படகு போய்க் கதவை இடித்து நொறுக்க, ஆற்றின் மேல்பக்கத்தில் எழுபது படகு மட்டில் அடைபட்டுப் போயின. ஆழமும் கதவும் சரியாக இருந்தால்தான் ஆறு ஒரு பாதை. எங்கட கிழக்குக் கரையில் ஒலுவிலில் துறைமுகத்தைக் கட்டி 2013இல் திறந்தார்கள், வாசலை மண் மூடிவிட்டது. தோண்டுவதற்கும் திருத்துவதற்கும் வருடாவருடம் காசு ஒதுக்காவிட்டால் ஜேர்மனிக்கும் அதே கதிதான், அங்கேயும் பழைய கதவுகள் நிறைய. ஒல்லாந்தில் டில்பேர்க் நகரத்து வாய்க்காலில் 2016இல் பைபரிலேயே பெரிய கதவு செய்து மாட்டியிருக்கிறார்கள். துருப்பிடிக்காது, பெயின்ட் வேண்டாம். அதன் மேல் ஒரு படகு தட்டினால் எங்கே உள்ளுக்குள் பிளந்திருக்கிறது என்று யார் பார்ப்பது? வெளியில் கீறல்கூடத் தெரியாது. நாணயத்தால் தட்டிச் சத்தத்தைக் கேட்கிற பழக்கத்தை நான் உனக்குக் காட்டித் தந்திருக்கிறேன். கணீர் என்றால் நல்லது, மொத்தென்று கேட்டால் உள்ளே மேட் கழன்றிருக்கிறது. அங்கே அதை மெஷினாலும் பார்க்கிறார்கள். அந்த மெஷினைப் பிடிக்கத் தெரிந்த, படகும் ஓட்டத் தெரிந்த ஆளை நாளைக்குத் தேடுவார்கள். அதற்குத்தான் சொல்கிறேன், படகு லைசன்ஸ் கையில் வந்த பிறகு பைபர் பழுதுபார்க்கிற குறுகிய படிப்பு ஒன்றை எடு. முதலில் ஆலை, பிறகு படகு என்றால் உன் வயதுக்கு அது நீளம்.

கரையில் ஒரு அறையில் இருந்துகொண்டு கணினியால் படகு ஓட்டுகிறார்களாம், பெல்ஜியத்தில் ஒரு கம்பனி அதைச் செய்கிறது. அது உன் வேலையைத் தின்றுவிடும் என்று சித்தப்பா சொன்னாராம். அந்தக் கதிரையில் இருக்கிறவனும் ஆறு தெரிந்த கப்டனாகத்தான் இருக்க வேண்டும் மகன். றேடார் படிப்பை விடாதே.

கஷ்டத்தையும் யோசி. பெரும்பாலும் இரண்டு கிழமை படகில், இரண்டு கிழமை கரையில் என்பார்கள். மூன்று நாலு பேரோடு ஒரே முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், சமையலும் நீதான். வாவியில் நீந்தினவன் என்ற தைரியத்தில் பக்கத்து ஒடுங்கின நடைபாதையில் லைஃப் ஜக்கட் இல்லாமல் நடக்காதே. ரைனின் குளிருக்கும் இழுப்புக்கும் எங்கட நீச்சல் காணாது.

கையெழுத்துப் போட முதல் கம்பனியிடம் மூன்று கேள்வி கேள். தண்ணீர் வற்றிப் படகு நிற்கிற நாளுக்குச் சம்பளம் உண்டா? பயண நாட்களைச் சேவைப் புத்தகத்தில் ஒழுங்காகப் பதிந்து தருவார்களா? பயிற்சி முடிந்த பிறகு எடுப்பார்களா? சேவைப் புத்தகம் பத்திரம், அந்த நாட்களை வைத்துத்தான் பிறகு கப்டன் லைசன்ஸ் தருவார்கள். ஹோம்பேர்கில் இருக்கிற படகுப் பள்ளிக்கும் ஒருக்கால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா, உனக்குக் கிட்டத்தானே.

காசு அனுப்புவதை இந்த மூன்று வருடமும் குறைத்துக்கொள். தங்கச்சியின் படிப்புக்குப் பட்டறை வருமானம் போதும், மாரி முடிந்தால் திருத்துகிறதற்குப் போட்டுகள் வரிசையில் வந்துவிடும். அம்மாவுக்கு நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அதை நீயே சொல், நான் பட்டறையில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போன் எடு.

அன்புடன்,
அப்பா