காளான் அலமாரியில் வாடை ஏன் வருகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலேயே சிப்பிக்காளான் வளர்ப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் வித்து, வைக்கோல், தண்ணீர், அறுவடை எல்லாம் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. காற்றைப் பற்றி மட்டும் ‘நல்ல காற்றோட்டம் தேவை’ என்று ஒரே வரி. தோட்டத்தில் குடில் போட்டு வளர்ப்பவருக்கு அந்த வரி போதும். கோவையிலும் திருப்பூரிலும் அடுக்குமாடி வீட்டில், பழைய பீரோவிலோ மர அலமாரியிலோ நாலைந்து படுக்கைகளை, அதாவது வைக்கோலும் வித்தும் அடைத்த பைகளை, தொங்கவிடுகிறவர்களுக்கு அது போதாது. பத்தாம் நாள் வாடை கிளம்பும், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார், படுக்கைகள் குப்பைக்குப் போகும். அதைத் தடுக்கும் வழியைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறோம்.

சிப்பிக்காளான் நாறுகிற பயிரே அல்ல. நீலகிரியில் மொட்டுக்காளானுக்குக் கோழி எருவையும் வைக்கோலையும் சேர்த்து மக்க வைப்பார்கள். அம்மோனியா வாடை அங்கே வருவது. சிப்பிக்கு மக்கிய உரமே வேண்டாம். வித்திலிருந்து கிளம்பும் வெள்ளைப் பூஞ்சை இழை நன்றாக ஓடிய படுக்கையில் புது வைக்கோலும் மழையில் நனைந்த மண்ணும் கலந்தாற்போல வாசம் இருக்கும். வேறு வாடை வந்தால் எங்கோ பிழை இருக்கிறது என்று அர்த்தம். ஊதுபத்தி, ஃபினாயில், வாசனை ஸ்ப்ரே எதையும் கொண்டு அதை மூடக் கூடாது. வாடை அடங்காது, காளானில்தான் ஏறும்.

புளித்த கஞ்சி போல வாடை வந்தால் வைக்கோலில் தண்ணீர் அதிகம். வேகவைத்த வைக்கோலை நிழலில் உலர்த்தும்போது ஒரு பிடி எடுத்துப் பிழிய வேண்டும். நீர் சொட்டக் கூடாது, உள்ளங்கை மட்டும் ஈரமாக வேண்டும். அது சுமார் 65 சதவீத ஈரம். அவசரப்பட்டு அதற்கு முன்பே பையில் அடைத்தால் நீர் அடியில் தேங்கும். அங்கே காற்று புகாமல் பாக்டீரியா பெருகும். சாக்கடை வாடை வரும் அளவுக்குப் போய்விட்டால் அந்தப் படுக்கையைக் காப்பாற்ற முடியாது, அன்றே வெளியேற்ற வேண்டும். வாடையோடு பச்சைத் திட்டும் தெரிந்தால் அது பச்சைப் பூசணம். அந்தப் பையை அலமாரிக்குள் பிரிக்காமல் அப்படியே கட்டி எடுத்துப் போங்கள். சூட்டினாலும் வாடை வரும். படுக்கையின் உள்சூடு அறையைவிட இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவே இருக்கும், 35 டிகிரியைத் தாண்டினால் இழை செத்து அழுகத் தொடங்கும். சித்திரை வெயிலில் மேற்குச் சுவரை ஒட்டி அலமாரியை வைப்பது இதனால்தான் ஆகாது.

இனி காற்று. இழை ஓடும் முதல் 15 முதல் 20 நாட்களுக்குக் காற்று மாற்றம் அதிகம் தேவையில்லை. பைக்குள் கரியமில வாயு கூடினாலும் இழை அதைத் தாங்கும். மொட்டு விடும்போது நிலைமை மாறிவிடுகிறது. அப்போது அலமாரிக் காற்றில் கரியமில வாயு 1000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 1000 பங்குக்கு) கீழே இருக்க வேண்டும். வெளிக்காற்றில் அது சுமார் 420. கூடிப்போனால் அளக்கக் கருவி தேவையில்லை, காம்பு நீண்டு தலை பொத்தான் அளவுக்குச் சிறுத்துவிடும். காம்பு சரியாக இருந்து தலையின் ஓரம் மஞ்சளாகி வெடித்தால் ஃபேன் காற்று நேராக அடிக்கிறது.

கணக்கு இப்படி. 3 அடி அகலம், 2 அடி ஆழம், 6 அடி உயரம் என்றால் அலமாரி 36 கனஅடி. மணிக்கு 6 முதல் 8 முறை காற்று மாறினால் போதும். 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன், 12 வோல்ட், நிமிடத்துக்கு 50 கனஅடி தள்ளும் என்று வைத்துக்கொள்வோம். இதை நாள் முழுக்க ஓட விட்டால் மணிக்கு 80 முறைக்கு மேல் காற்று மாறும், படுக்கை இரண்டே நாளில் காய்ந்துவிடும். பலர் செய்யும் பிழை இதுதான். அரை மணிக்கு ஒருமுறை 3 நிமிடம் ஓடுமாறு டிஜிட்டல் டைமர் வையுங்கள். ஃபேன் மேலே, காற்றை வெளியே இழுக்கும்படி இருக்க வேண்டும். உள்ளே தள்ளும்படி வைத்தால் கதவு இடுக்கெல்லாம் வாடையும் காளான் உதிர்க்கும் தூளும் வீட்டுக்குள் வரும். காற்று நுழையும் வழி அடியில், 7க்கு 5 அங்குலம். ஃபேன் வாயைப் போல இரண்டு மடங்கு இருந்தால்தான் வலை போட்ட பிறகும் காற்று தடையில்லாமல் வரும். வலை 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) நைலானாக இருக்கட்டும். சாதாரணக் கொசுவலையில் காளான் ஈ நுழைந்துவிடும். அடாப்டர் அலமாரிக்கு வெளியே இருக்க வேண்டும்.

படுக்கை ஏற்றும் முன்பு ஒரு சோதனை. கதவைச் சாத்தி, ஃபேனைப் போட்டு, ஊதுபத்தியை இடுக்கோரம் காட்டுங்கள். எல்லா இடத்திலும் புகை உள்ளே போக வேண்டும். வெளியே தள்ளும் இடத்தில் ஸ்பாஞ்ச் டேப் ஒட்டுங்கள். ஊதுபத்திக்கு இதில் இந்த ஒரு வேலைதான் உண்டு.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வீசும். பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் காற்றாலை சுற்றுவது அந்தக் காற்றில்தான். சின்ன ஃபேன் இழுக்கும் காற்றை வெளியே விடும் குழாயை மேற்கு ஜன்னலில் விட்டால் காற்று எதிர்த்து உள்ளே வரும், ஃபேன் வெறுமனே சுற்றும். குழாயைக் கிழக்குப் பக்கம் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் முனையில் எல்போ (வளைவு இணைப்பு) மாட்டி வாயைத் தரை பார்க்கத் திருப்புங்கள். அதே காற்று ஈரத்தையும் உறிஞ்சும். நுழைவழிக்கு முன்னால் ஈரச்சாக்கு தொங்கவிடுவது நல்ல வழி, ஆனால் மூன்று நாளுக்கு ஒருமுறை சாக்கைத் துவைத்து வெயிலில் போடாவிட்டால் அதுவே நாறும். அவிநாசி, பல்லடம் பக்கத்து உப்பு போர்த் தண்ணீர் தெளிப்பான் துளையை அடைத்துவிடும், குடிதண்ணீரைப் பயன்படுத்துங்கள்.

வெளியேறும் காற்றில் வாடையைப் பிடிக்கும் கரி வடிகட்டி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வைக்கோல் ஈரமும் காற்றும் சரியாக இருக்கும் வீட்டுக்கு அது தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. கட்டாயம் வேண்டுமென்றால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். காங்கயம், பொள்ளாச்சிப் பக்கம் கிடைக்கும் வெறும் தொட்டிக்கரி (தேங்காய்ச் சிரட்டைக்கரி) வேறு, கிளர்வூட்டிய கரி வேறு. தொட்டிக்கரியை 800 டிகிரிக்கு மேல் நீராவியில் வேகவைத்து நுண்துளை உண்டாக்கிய பிறகுதான் அது வாடையைப் பிடிக்கும். இரண்டாவது, காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் அந்தத் துளைகளில் தண்ணீர் நிறைந்துவிடும். காளான் அலமாரியிலோ 85 முதல் 90 சதவீதம். ஆகவே வடிகட்டியை அலமாரிக்குள் வைத்துப் பயனில்லை. வெளியே வைத்து, குழாயில் ஒரு T வடிவ இணைப்பு மாட்டி, அறைக்காற்றையும் பாதி சேர்த்து இழுக்க வேண்டும். மூன்றாவது, 2 அங்குலத் தடிமன் கரியைக் கம்ப்யூட்டர் ஃபேனின் காற்று தாண்ட முடியாது, குழாய்க்கு நடுவே பொருத்தும் 4 அங்குல இன்லைன் டக்ட் ஃபேன் வேண்டும். கரிக்கு முன்னால் ஒரு துணி வடிகட்டி போட்டு வாரம் ஒருமுறை அலசுங்கள். இல்லாவிட்டால் காளான் தூள் கரியை அடைத்துவிடும்.

அந்தத் தூளைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். காளானின் தலை ஓரம் மேல்நோக்கி மடங்கும் வரை விட்டால் வெள்ளை வித்துத்தூள் கொட்டும். தொடர்ந்து சுவாசித்தால் இருமல், காய்ச்சல், மூச்சிறைப்பு வரும். ஓரம் தட்டையாவதற்கு முன்பே பறித்துவிடுங்கள். பறிக்கும்போது என்95 முகக்கவசம் அணியுங்கள். ஆஸ்துமா உள்ளவர் தூங்கும் அறையில் இந்த அலமாரி வேண்டவே வேண்டாம்.

கடைசியாக, பக்கத்து வீட்டார் குறை சொல்லும் வாடையில் பாதிக்கு மேல் அலமாரியிலிருந்து வருவதில்லை. மூன்று அறுப்பு முடிந்த படுக்கைகளை மொட்டை மாடியில் பையோடு குவித்து வைப்பதால் வருவது. பையைக் கிழித்து வைக்கோலை அன்றே பரப்பிக் காயவிடுங்கள், அல்லது தென்னந்தோப்பு வைத்திருப்பவரிடம் கொடுங்கள். மண்புழு உரத்துக்கு அதைக் கேட்டு வாங்கிப் போவார்கள்.

இப்படிக்கு,
காளான் வளர்ப்போர் சிலர்,
கோவை.