காட்டுக் கறுவாவைப் பற்றி மாலாவுக்கு

வெள்ளவத்தை,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாலா,

கல்யாணப் படங்கள் கிடைத்தன. மகள் அப்படியே உன் மாமியார்! அந்தப் பச்சைச் சேலையைப் பற்றி நேரில் கதைப்போம். சின்னக்காவும் அதைத்தான் கேட்டாள். இங்கே எல்லோரும் சுகம். இவருக்கு முழங்கால் வலி மட்டும் விடுவதாயில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தீபா காட்டுக் கறுவாவை, அதுதான் கறிக்குப் போடும் பட்டை மரத்தை, ஆராய்கிறாள் என்று சொன்னேன் இல்லையா? போன வருஷம் அவள் இலை எடுத்த ஒரு காட்டோரத்தை ரோட்டை அகலமாக்க மொட்டையாக வெட்டிவிட்டார்கள். கேட்டதிலிருந்து மனம் ஆறவில்லை.

"காலியிலும் மாத்தறையிலும் ஏக்கர் கணக்கில் நிற்கிறதே, கறுவாவுக்கா குறைச்சல்?" என்று கேட்பாய். தோட்டக் கறுவா வேறு கதை, எடி. ஸ்ரீ கெமுனு, ஸ்ரீ விஜய என்று நல்ல ரகமாகத் தெரிந்தெடுத்துத் தண்டிலிருந்து வளர்த்தால் எல்லாக் கன்றும் ஒரே அச்சு. காட்டில் அப்படியில்லை. கறுவாப் பூ முதலில் பெண்ணாக விரியும். மூடிக்கொண்டு அடுத்த நாள் ஆணாக விரியும். அதனால் மரத்துக்கு மரம் கலப்பு. பழத்தைத் தின்ற பறவை விதையை எங்கேயோ கொண்டுபோய்ப் போடும். தீபாவின் மேசையில் பார்த்தேன்: ஒரு இலை வட்டம், ஒன்று நீண்டு கூர்ந்தது, ஒன்று உள்ளங்கையை விடப் பெரிது. அடியிலிருந்து ஓடும் மூன்று நரம்பு மட்டும் எல்லாவற்றுக்கும் பொது. எவ்வளவு அழகு தெரியுமா! பட்டை உரிக்கிறவர்களுக்கு இது எப்போதோ தெரியும். வாயில் போட்டுப் பார்த்து, இனிப்பது பெணி குருந்து, துவர்ப்பது கஹட்ட குருந்து என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். குருந்து என்றால் சிங்களத்தில் கறுவா.

ஆனால் இலையின் வடிவம் எல்லாம் பிறவிக்குணம் என்று சொல்லிவிட முடியாது. நிழலில் நிற்பதன் இலை அகன்று மெல்லிதாகும், வெயிலில் சிறுத்துத் தடிக்கும். பிறவி எது, இடத்தால் வந்தது எது என்று அறிய, பல காட்டு விதைகளையும் ஒரே பாத்தியில் வளர்த்துப் பார்க்க வேண்டும். வெட்டிய அந்தக் காட்டோரத்து இலை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் காய்ந்தபடி அவளிடம் இருக்கிறது, டி.என்.ஏ. எடுக்கலாம். விதைக்கு எங்கே போவது?

கறுவா விதையை நெல் போலக் காயவைத்துக் குளிரறையில் பூட்டிவைக்கவும் முடியாது. காய்ந்தால் செத்துவிடும், பறித்த சில நாட்களுக்குள் மண்ணுக்குள் போக வேண்டும். நிற்கிற மரம்தான் சேமிப்பு, மாலா. வெட்டினால் போனது போனதுதான். நாளைக்குத் தோட்டங்களில் புது நோய் வந்தால், அதைத் தாங்குகிற குணத்தை எந்தக் காட்டில் போய்த் தேடுவது? 1760களில் டச்சுக்காரர் மருதானையில் நடத் தொடங்கும்வரை பட்டை முழுக்கக் காட்டிலிருந்துதான் வந்தது. ஒரு பகுதிக்கே கறுவாத்தோட்டம் என்று பெயர் வைத்துக்கொண்டு வாழும் கொழும்புக்கு அந்தக் கடன் இருக்கிறது. உலகத்தில் இலங்கையில் மட்டுமே வளரும் காட்டுச் சொந்தங்களும் இதற்கு உண்டு. பெங்கிரி குருந்து என்று ஒன்று, கசக்கினால் புல்லெண்ணெய் வாசம். அவற்றில் சில அழியும் நிலையில்.

உன் மைத்துனர் இன்னும் தெனியாயாத் தோட்டத்தில்தானே? ஓடைக்கரைகளில் கறுவா நின்றால் வெட்டாமல் விடச் சொல். பழம் கறுக்கத் தொடங்கியதும் ஒரு ஃபோன் கோல் போதும், தீபாவும் நானும் அடுத்த பஸ்ஸிலேயே வந்துவிடுவோம். மறக்காதே, இன்றைக்கே கேள்.

அன்புடன்,
சுகந்தி