டாக்டர்னா போதுமா, ஓட்டு போட்ருவோமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம் சார்,

எலக்‌ஷன் வந்தாலே எங்க பல் டாக்டருங்க வாட்ஸ்அப் குரூப்புல 'வேட்பாளர் நம்ம டாக்டர்தான், போட்ருங்க'ன்னு ஃபார்வர்டு பறக்குது, அதுக்கு மேல யாரும் பேசறதில்ல. இங்க தருமபுரியில முன்பல்லு பூரா பழுப்புக் கறையோட வர்ற பசங்கள பாத்துக்கிட்டே இருக்கோம், போர் தண்ணில இருக்குற ஃப்ளோரைடுதான் காரணம், அதுக்குத்தானே 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துச்சு, அது எந்தெந்த ஊருக்கு ஒழுங்கா வரலன்னு ஓட்டு கேட்டு வர்றவர்கிட்ட கேக்கலாம்ல. அதே வருஷம் தடை போட்ட குட்கா பத்தியும் கேக்கணும் (வாய்ப் புண்ணோட வர்றவங்க நம்மகிட்டதான வர்றாங்க). 2023 தேசிய பல் மருத்துவ கமிஷன் சட்டத்த எம்எல்ஏ வேட்பாளர்கிட்ட கேட்டு பிரயோஜனமில்ல, அது எம்பி சமாச்சாரம். கேஸ், சொத்து விவரமெல்லாம் அஃபிடவிட்டா தேர்தல் கமிஷன் சைட்லயே கிடக்கு, ரெண்டு பேஷன்ட்டுக்கு நடுவுல படிச்சிரலாம்.

ஒரு பல் மருத்துவர், தருமபுரி