செயலாளர் ஆண்டறிக்கை: கரட்டுப் புதர்க்காடும் ஊதாத் தேன்சிட்டும்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் வழக்கம்போல் கலந்துகொண்டோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குரிய நேரத்தை, புதர் மண்டிய நம் பாறைக் குன்றான கரட்டைப் பற்றிப் பேசவே எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு நம் வேலை பெரும்பாலும் அங்கேதான் நடந்தது.

அங்கே நாம் தொடர்ந்து கவனித்தது ஊதாத் தேன்சிட்டை. இனப்பெருக்கக் காலத்தில் ஆண், வெயில் பட்டால் ஊதாவும் நீலமுமாக மின்னும். அந்தக் காலம் முடிந்ததும் நிறம் உதிர்ந்து, மார்பில் ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்ச, ஏறக்குறைய பெட்டையைப் போலாகிவிடும். புதிய உறுப்பினர்கள் இவற்றை இரண்டு வேறு பறவைகளாக எண்ணுவது இயல்புதான். கூடு கட்டுவதும் அடைகாப்பதும் பெட்டை. நாரையும் சருகையும் சிலந்தி நூலால் பிணைத்து, பெரும்பாலும் முட்புதரில்தான் தொங்கவிடுகிறது. குஞ்சுகளுக்குத் தேன் போதாது, பூச்சியும் சிலந்தியும் வேண்டும். பூச்செடி வைத்துவிட்டால் தேன்சிட்டு பிழைத்துக்கொள்ளும் என்பது இதனால்தான் சரியில்லை. சூரை, காரை, சங்கஞ்செடி என்று பின்னிக் கிடக்கும் புதர் மொத்தமும் அதற்கு வேண்டும். மரத்துக்குக் கேடு என்று நாம் வெட்டி எறியும் புல்லுருவியின் குழல்பூக்களும் அதன் முக்கிய உணவு. தேன் குடிக்க வரும்போது மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டுசேர்ப்பதும் அதுவே.

இத்தகைய நிலத்துக்கு அரசு ஏடுகளில் கிடைத்திருக்கும் பெயர் தரிசு. 2000இல் முதலில் வெளிவந்த இந்தியத் தரிசு நில வரைபடத் தொகுப்பிலேயே புதர் நிலம் ஒரு தரிசு வகை. அதனால் நல்ல மனம் படைத்தவர்கள்கூட இங்கே மரக்கன்றோடு வருகிறார்கள். இந்த ஆண்டும் கரடு முழுவதும் நட ஒருவர் கன்றுகள் தர முன்வந்தார். செயற்குழு நன்றி கூறி, சாலையோரங்களில் நடும்படி கேட்டுக்கொண்டது. அவரும் மனமுவந்து இசைந்தார். அடர்நிழல் விழுந்தால் வெயிலில் வளரும் இந்தப் புதர்கள் நிற்கா.

சீமைக்கருவேலங் கன்றுகளை வேரோடு பிடுங்கும் பணி தொடர்கிறது. உன்னிச்செடியில்தான் கருத்து வேறுபாடு எழுந்தது. அயல்செடி, அகற்ற வேண்டியதே; ஆனால் அதன் பூவிலும் தேன்சிட்டு குடிக்கிறது. நாட்டுப் புதர் தழைத்துவரும் இடங்களில் மட்டும், கூடுகட்டும் காலம் தவிர்த்து, சிறிது சிறிதாக அகற்ற முடிவானது. இதுவே சரியென்று நானும் நம்புகிறேன்.

பல்லுயிர்ச் சட்டம் 2002இன்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் அவ்வூரின் உயிரினங்களைக் குறித்துவைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். கரட்டின் செடி, பறவைப் பட்டியலை அதில் சேர்க்க ஊராட்சியிடம் அளித்திருக்கிறோம். மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது நமக்கு ஊக்கம் தருகிறது.

கரட்டில் மரம் நடுவதில்லை என்றும், பதிவேட்டுப் பணியைச் சங்கம் தொடரும் என்றும் இரு தீர்மானங்களைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்